ஸ்டெத்து தட்டிய ரிம்

டயர் வாங்கப் போகிற இடத்துக்குப் பெண்டாட்டியைக் கூட்டிக்கொண்டு போகிறவனை அந்த ரோட்டில் யாரும் சும்மா விடமாட்டார்கள். மாசக்கணக்கில் வைத்துக் கிண்டலடிப்பார்கள். அது தெரிந்தும் அவள் கிளம்பினாள். "நீ எதுக்கு அங்கே? கிரீஸும் கரியும். துணியெல்லாம் பாழாப் போகும்" என்று அவன் எவ்வளவோ சொல்லிப் பார்த்தான். "பாழாப் போனா நான்தானே துவைக்கப் போறேன்" என்று செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் வந்து நின்றுவிட்டாள். வீட்டைப் பூட்டிச் சாவியையும் தன் பைக்குள் போட்டுக்கொண்டாள். அப்புறம் அவன் என்ன செய்வான் பாவம், முன்னால் நடந்தான்.

அவளுக்கும் ஒன்றும் டயர் பார்க்கிற ஆசை இல்லை. பயம்தான். அவன் பிக்கப் வண்டி சிமெண்ட் மூட்டைகளோடு இறக்கத்தில் இறங்கும்போது முன்பக்கத்து இடது டயர் வெடித்துவிட்டது. வண்டி தடுப்புச் சுவரை உரசிக்கொண்டே போய் ஒருவழியாக நின்றது. முன்னால் இருந்த ரெண்டு ரிம்மும் நசுங்கிப் போயின. அவனுக்கு நெற்றியில் ஒரு சிராய்ப்போடு போயிற்று. அந்த இடத்தில் சுவர் இருந்தது, பிழைத்தான். கொஞ்சம் கீழே தள்ளி நடந்திருந்தால் சுவரும் கிடையாது, ஒன்றும் கிடையாது, வெறும் பள்ளம். போய்ப் பார்த்துவிட்டு வந்த நாளிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை. தட்டில் கை வைத்தால் அந்தப் பள்ளம்தான் கண் முன்னால் வந்து நிற்கும்.

"ஒரு சத்தமும் இல்லை. ஒரு அறிகுறியும் இல்லை. திடீர்னு வெடிச்சிருச்சு" என்று கேட்டவர்களிடமெல்லாம் அவன் ஒரே மாதிரி சொல்லிக்கொண்டிருந்தான். எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். அவன் சொன்னால் யாரும் மறு பேச்சுப் பேசுவதில்லை. சத்தத்தைப் பற்றி என்றால் அந்த ரோட்டில் அவன் வைத்ததுதான் சட்டம். போகிற வண்டியைத் திரும்பிப் பார்க்காமலே, "பின்னால பேரிங் போகப் போகுதுப்பா" என்பான். ரெண்டு நாளில் அது போயிருக்கும். அதனால்தான் அவனுக்கு ஸ்டெத்து என்று பேர் வந்தது. டாக்டர் நெஞ்சில் வைத்துப் பார்க்கிற ஸ்டெதாஸ்கோப்பைச் சுருக்கி அப்படி வைத்திருந்தார்கள். பெற்றவர்கள் வைத்த பேர் அவள் மட்டும் கோபத்தில் சொல்கிற பேராகிவிட்டது.

டயர்க்கடையில் அவளைப் பார்த்ததும் முதலாளி எழுந்து நின்றார். அவளை அவருக்கு நன்றாகத் தெரியும். அதே ரோட்டில் சீட் கவரும் தார்ப்பாயும் தைக்கிற கடையில்தான் அவளுக்கு வேலை. அவருடைய கடை வாசலில் தொங்குகிற தார்ப்பாய்கூட அவள் தைத்ததுதான்.

"வாம்மா தங்கச்சி. என்ன, மாப்பிள்ளைய நம்பித் தனியா அனுப்பலையா?"

"அனுப்பினேனே அண்ணே, அன்னைக்கு. எந்த லட்சணத்துல வந்து சேர்ந்தார்னு பார்த்தீங்கல்ல."

முதலாளி சிரித்தார். வண்டி கொட்டகைக்குள் முன்பக்கம் கட்டை கொடுத்து நின்றுகொண்டிருந்தது. சக்கரம் இல்லாத இடத்தில் இரும்பெல்லாம் வெளியே தெரிந்தது. அவளுக்கு அதைப் பார்க்கச் சகிக்கவில்லை. ஜாக்கி என்று எல்லோரும் கூப்பிடுகிற வேலைக்காரன் வண்டிக்கு அடியிலிருந்து நெளிந்து வெளியே வந்தான். நாற்பது வயசிருக்கும். காலையிலிருந்து பொழுது சாய்கிற வரைக்கும் வண்டிகளைத் தூக்குவதும் இறக்குவதும்தான் அவன் பிழைப்பு.

"அக்கா, அண்ணன்கிட்ட சொல்லி அலாய் வீல் போடச் சொல்லுங்க. பளபளன்னு வந்திருக்கு. அகலமான டயர். வண்டி புது மாப்பிள்ளை மாதிரி நிக்கும்."

"சிமெண்ட் ஏத்தற வண்டிக்கு என்னடா மாப்பிள்ளை வேஷம்?" என்றான் அவள் புருஷன். அவன் குரல் கொட்டகை முழுக்கக் கேட்டது. டிரைவர்கள் எல்லோருமே உரக்கப் பேசுகிறவர்கள்தான். யாரும் கண்டுகொள்ளவில்லை. "அகலம் ஜாஸ்தியானா திருப்பத்துல மட்கார்டுல உரசும். எனக்குப் பழைய அளவே போதும். சுமை தாங்கற டயரா குடுங்க."

டயர் பொறுக்குவதில் அவனைக் குறை சொல்ல முடியாது. அடுக்கிலிருந்து ஒன்றொன்றாக உருட்டி வந்து, பக்கத்தில் குத்தியிருக்கிற தேதியைப் பார்த்தான். பள்ளங்களுக்குள் விரலை விட்டுத் தடவினான். கட்டைவிரலால் அழுத்தினான். "இது ரொம்ப நாளா வெயில்ல கிடந்திருக்கு" என்று ஒன்றைத் தள்ளினான். "இது கார் டயர், இதைப் போட்டா ரெண்டாவது நடையிலேயே வயிறு தள்ளிடும்" என்று இன்னொன்றை ஒதுக்கினான். கடைசியில் முன்பக்கத்துக்கு ரெண்டு எடுத்து வைத்தான். அவளுக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. மனுஷன் ஒழுங்காகத்தான் பார்க்கிறான், நாம்தான் கிடந்து அல்லாடுகிறோம் என்று நினைத்துக்கொண்டாள்.

அப்புறம்தான் ரிம்முக்கு வந்தார்கள்.

"புது ரிம்மும் இருக்கு. பிரிச்ச வண்டியிலேர்ந்து எடுத்ததும் இருக்கு. நீ என்ன சொல்றே ஸ்டெத்து?" என்று முதலாளி முகத்துக்கு நேராகக் கேட்டார்.

"புதுசு எதுக்கு? பழைய இரும்புதான் இரும்பு. நான் தட்டிப் பார்த்து எடுத்துக்கறேன்."

இது அந்தக் கொட்டகையில் ஒரு வேடிக்கை. உத்தரத்திலிருந்து தொங்குகிற கம்பிக் கொக்கியில் பழைய ரிம்மை மாட்டி, ஸ்பானரால் ஒரு தட்டு தட்டுவான். நல்ல ரிம் என்றால் ணங் என்று கணீரென்று இழுத்துக்கொண்டு போகும். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தால் சத்தம் டப் என்று அங்கேயே செத்துப் போகும். அவன் நல்லது என்று சொன்னதை யாரும் திருப்பிக் கொண்டுவந்ததே இல்லை. முன்னெல்லாம் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு நிற்பான். பார்க்கிறவர்களும் வாயை மூடிக்கொண்டு நிற்பார்கள்.

ஜாக்கி முதல் ரிம்மை மாட்டினான். அவன் தட்டினான். ணங். "நல்லாருக்கு" என்றான். ரெண்டாவது டப் என்றது. "வேணாம்" என்றான். மூன்றாவதையும் வேண்டாம் என்றான். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அவளுக்கு என்னவோ உறுத்தியது. அவன் கண்ணை மூடவில்லை. ஒவ்வொரு தட்டுக்கும் ஜாக்கியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். ஜாக்கியோ பாவம் எதையும் மறைக்கத் தெரியாதவன். நல்ல சத்தம் வந்தால் பல்லைக் காட்டுவான், கெட்ட சத்தம் வந்தால் மூக்கைச் சுளிப்பான்.

நாலாவதை மாட்டிவிட்டு ஜாக்கி யாருக்கோ காற்றடிக்க வெளியே போனான். முதலாளியும் உள்ளே போயிருந்தார். அவள் புருஷன் முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். அவன் தட்டினான்.

டப்.

கல்லைத் துணியில் சுற்றிப் போட்ட மாதிரி ஒரு சத்தம். சின்னப் பிள்ளைகூடச் சொல்லிவிடும். அவன் இந்தப் பக்கம் பார்த்தான், அந்தப் பக்கம் பார்த்தான். பார்ப்பதற்கு ஒரு முகமும் இல்லை. இன்னொரு தரம் தட்டினான். டப். ரிம்மின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான்.

"நல்லாருக்கு" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு அதைக் கழற்றி, நல்லது என்று வைத்த ரிம்மோடு சாய்த்து வைத்தான்.

அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதலில் தன் காதைத்தான் சந்தேகப்பட்டாள். வருஷக்கணக்காகத் தையல் மிஷின் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற காது. அவன் அந்தண்டை நகர்ந்ததும் குனிந்து, விரல் முட்டியால் ரெண்டு ரிம்மையும் தட்டிப் பார்த்தாள். ஒன்று பேசியது. ஒன்று பேசவில்லை.

"ஏங்க" என்றாள் மெதுவாக.

அவன் திரும்பவில்லை.

"ஏங்க, அது விரிஞ்சிருக்கு" என்றாள், வீட்டில் பேசுகிற குரலில். ரெண்டு எட்டு தூரம்கூட இல்லை. அவன் பாட்டுக்கு ஸ்பானரைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அவளுக்கு எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக ஞாபகத்துக்கு வந்தது. போன் அடித்தால் "நீயே பேசு, என் கை அழுக்கு" என்று நீட்டுவான். மகள் எதையாவது சொன்னால் சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவான். அப்பாவுக்கு இப்பல்லாம் என் மேல பாசமே இல்லை என்று அந்தப் பெண் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்ளும். டிவியை அலற விடுவான். நாமும் டிரைவர் புத்தி, டிரைவர் புத்தி என்று திட்டிக்கொண்டே இருந்துவிட்டோமே, எத்தனை மாசமாக இது நடக்கிறது, நம் கண் எங்கே போயிருந்தது என்று அவளுக்குத் தன் மேலேயே ஆத்திரம் வந்தது.

அந்த நேரம் பார்த்து மணல் லாரிக்காரர் ஒருத்தர் காற்றடிக்க வந்தார். பெருத்த உடம்பு. அன்றைக்கு விபத்து நடந்தபோது அவனுக்குப் பின்னால் வந்தவர் அவர்தான். அவன் முதுகைப் பார்த்ததுமே ஆரம்பித்தார்.

"யோவ் ஸ்டெத்து! உயிரோடதான் இருக்கியா?"

பதில் இல்லை. அவர் சுற்றிக்கொண்டு முன்னால் வந்து அவன் தோளில் ஒரு அடி போட்டார். அவன் திடுக்கிட்டு, உடனே முகமெல்லாம் சிரிப்பானான்.

"ஏன்யா, அன்னைக்கு உனக்கு என்ன ஆச்சு? வளைவுலேர்ந்தே உன் டயர் மேல்பட்டை பிஞ்சு மட்கார்டுல தபதபன்னு அடிச்சுக்கிட்டு வருது. நானும் ஹாரன் அடிக்கறேன், அடிக்கறேன், கை ஓஞ்சு போச்சு. நீ பாட்டுக்குப் போறே. தூங்கிட்டியா?"

"ஆமாமா, ஆமாமா" என்று அவன் சிரித்தான்.

"என்ன ஆமாமா? தூங்கிட்டியா?"

"அட, அதெல்லாம் சரியாயிடுச்சு. நாளைக்கே லோடு ஏத்தறேன்."

லாரிக்காரர் ஒன்றும் புரியாமல் அவளைப் பார்த்தார். அவள் தரையைப் பார்த்தாள். பக்கத்திலிருந்த டயர் அடுக்கைப் பிடித்துக்கொண்டாள். டயர் சும்மா வெடிக்கவில்லை. வளைவிலிருந்தே கத்திக் கத்திச் சொல்லிவிட்டுத்தான் வெடித்திருக்கிறது. பின்னால் வந்த லாரியும் கத்தியிருக்கிறது. இவனுக்கு மட்டும்தான் கேட்கவில்லை. நாளைக்கு அதே இறக்கத்தில், அதே சுமையோடு, இந்த விரிந்த ரிம்மையும் மாட்டிக்கொண்டு இறங்கப் போகிறான். அந்தப் பள்ளம் எங்கேயும் போய்விடவில்லை, அங்கேயேதான் இருக்கிறது.

ஜாக்கி திரும்பி வந்து, சாய்த்து வைத்த ரெண்டு ரிம்மையும் தூக்கினான்.

"அதைக் கீழ வை" என்றாள் அவள்.

"என்னக்கா?"

"வைன்னு சொன்னேன். பழசு வேணாம். புது ரிம் எடு."

கொட்டகையில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவள் புருஷனும் அவர்கள் பார்ப்பதைப் பார்த்துத் திரும்பினான். என்ன நடக்கிறது என்று அவனுக்கு விளங்க ஒரு நிமிஷம் ஆனது. அவள் ரிம்மைக் காட்டி, கையை ஆட்டி, வாயை நன்றாகத் திறந்து, "பு-து-சு" என்றாள்.

"உனக்கு என்ன தெரியும்? நான் தட்டிப் பார்த்துட்டேன்."

"நீங்க தட்டிப் பார்த்தீங்க. எனக்குப் பிடிக்கலை."

"பிடிக்கறதுக்கு இது என்ன வளையலா?" என்றார் லாரிக்காரர். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். அவன் முகம் கறுத்துவிட்டது. விரிஞ்சிருக்கு என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் ஜாக்கி தட்டிப் பார்ப்பான், எல்லோருக்கும் தெரிந்துவிடும். ஸ்டெத்து ரிம்மைத் தப்பாகச் சொன்னான், ஏன் சொன்னான் என்று பேச்சு கிளம்பும். சாயங்காலத்துக்குள் அவனுக்குச் சிமெண்ட் லோடு கொடுக்கிற ஹார்டுவேர்க் கடை வரைக்கும் போகும். அப்புறம் அவனுக்கு லோடு யார் கொடுப்பார்கள்? அவன் எப்படி இந்த ரோட்டில் தலை நிமிர்ந்து நடப்பான்? அவளுக்குத் தொண்டை வரைக்கும் வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"என் புருஷன் உயிர் போகப் பார்த்துச்சு. புது ரிம் போடலைன்னா இந்த வண்டி இங்கேர்ந்து நகராது. நான் இதுக்கு முன்னாடியே படுத்துக்குவேன்" என்று சொல்லிவிட்டு நிஜமாகவே வண்டிக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாள். கிரீஸ் தரை. துணி பாழாகத்தான் போனது.

"விடு ஸ்டெத்து. வீட்டுல சண்டை வேண்டாம். தங்கச்சி பயந்து போயிருக்கு" என்று முதலாளி முகத்துக்கு நேரே வந்து சமாதானம் சொன்னார். பயந்த பொம்பளை என்ற பேரை அவள் வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டால் என்ன, அது உண்மைதானே.

ஜாக்கி புது ரிம்மில் டயரை ஏற்றி, காற்றடித்து, நட்டுகளை முறுக்கி வண்டியை இறக்கினான். "இறக்கம் வரைக்கும் போயி ஒரு தரம் இறங்கி ஏறி வாங்கண்ணே. வந்ததும் நட்டை மறுபடி டைட் பண்ணிடலாம்" என்றான். புதுச் சக்கரம் மாட்டினால் அங்கே அதுதான் வழக்கம். ஒரு நடை ஓட்டிவிட்டு வந்து திரும்ப முறுக்காமல் யாரும் சுமை ஏற்றமாட்டார்கள். அவன் விசுக்கென்று ஏறி உட்கார்ந்தான். அவளும் அந்தப் பக்கம் ஏறினாள். அவன் கோபம் காது மடலில் சிவப்பாகத் தெரிந்தது.

வெளியே தூறல் பிடித்திருந்தது. கடைகள் முடிந்து, மூட்டை அடுக்குகிற கிட்டங்கிகள் முடிந்து, ரோடு வெறிச்சோடியது. புது டயர் தண்ணீரில் சர்ரென்று ஓடியது. அவள் காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என்ஜினில் ஒரு சத்தம், கதவில் ஒரு சத்தம், எங்கேயோ அடியில் ஒரு கடகடப்பு. எது நல்ல சத்தம், எது கெட்ட சத்தம் என்று அவளுக்கு எங்கே தெரியும்? ஒவ்வொன்றும் உயிரை எடுத்தது. அவனோ ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிம்மதியாக ஓட்டினான். கோபம்கூட ஆறிவிட்ட மாதிரி இருந்தது.

"எப்படி இருக்கு வண்டி?" என்றாள், முன் கண்ணாடியைப் பார்த்தபடியே.

"ம்."

"ரொம்ப நாளா இப்படித்தானா?"

"ம், ம்."

இறக்கம் ஆரம்பிக்கிற இடம் வந்தது. அங்கே இருந்து பார்த்தால் ரோடு வளைந்து வளைந்து மூடுபனிக்குள் போவது தெரியும். அவன் கியரைக் குறைத்தான். அவள் முகத்தைத் திருப்பாமல், சாதாரணமாகக் கேட்டாள்.

"இப்ப மறுபடியும் வெடிச்சா நாம ரெண்டு பேரும் செத்துருவோம், இல்ல?"

"ஆமாமா" என்றான் அவன் சந்தோஷமாக. "ஜம்முனு இருக்கும்."

அவள் ஹேண்ட் பிரேக்கை ரெண்டு கையாலும் பிடித்து இழுத்தாள். வண்டி உதறிக்கொண்டு நின்றது. அவன் தலை முன்னால் போய் வந்தது.

"பைத்தியமா உனக்கு? என்னடி பண்றே?"

அவள் அழுதுகொண்டிருந்தாள். அவன் என்ஜினை அணைத்தான். தூறல் கூரையில் விழுகிற சத்தம் அவளுக்குக் கேட்டது. அவன் அவள் முகத்தையே பார்த்தான்.

"நீ என்னமோ கேட்டே" என்றான் கடைசியில். "எனக்குக் கேக்கலை. என்ன கேட்டே?"

அவளால் திருப்பிச் சொல்ல முடியவில்லை. தலையை மட்டும் ஆட்டினாள்.

"அந்த ரிம்மு விரிஞ்சதா?"

ஆமாம் என்று ஆட்டினாள்.

அவன் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டான். "எப்பலேர்ந்துன்னு எனக்கே தெரியலை. எல்லாரும் மெதுவாப் பேசறாங்கன்னு நினைச்சேன். ரொம்ப நாள் அப்படித்தான் நினைச்சேன். அன்னைக்கு ஸ்டியரிங் அதிர்ந்துச்சு. ரோடு மோசம்னு விட்டுட்டேன். அந்த லாரிக்காரன் ஹாரன் அடிச்சானா?"

அவள் அவன் மோவாயைப் பிடித்துத் தன் பக்கம் திருப்பினாள். "அடிச்சாராம். வளைவுலேர்ந்து அடிச்சாராம்" என்று வாய் தெரிய, உரக்கச் சொன்னாள்.

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. இத்தனை வருஷத்தில் அவனை அப்படி அவள் பார்த்ததில்லை. "எனக்கு பயமா இருக்குடி" என்றான். "தினம் இந்த இடத்துக்கு வந்ததும் பயமா இருக்கு. சொன்னா வண்டியத் தொடவே விடமாட்டாங்க. ஸ்டெத்துன்னு கூப்பிடற வாயாலேயே செவிடுன்னு கூப்பிடுவாங்க. எனக்கு வேற என்ன தெரியும், சொல்லு?"

"எனக்கும் பயமாத்தான் இருக்கு. நாளைக்குக் காது டாக்டர்கிட்ட போறோம். அவர் சொல்ற வரைக்கும் லோடு கிடையாது. யார் கேட்டாலும் நான் பதில் சொல்லிக்கறேன். இப்ப இறங்க வேணாம். திருப்புங்க வண்டிய."

இந்த முறை ஒரு வார்த்தையும் விடாமல் வாங்கிக்கொண்டான். அவள் உதட்டை விட்டுக் கண்ணை எடுக்கவே இல்லை.

ஆனால் திருப்புவது லேசில்லை. ரோடு குறுகல். ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் சரிவு. கீழேயிருந்து ஏறி வருகிற வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டுதான் வரும். அவனுக்கு அது கேட்காது. அவள் இறங்கிப் பின்னால் போய் நின்றாள். கீழே எட்டிப் பார்த்து, ஏதாவது வருகிறதா என்று காது கொடுத்துவிட்டு, வா என்று கை காட்டினாள். சைடு கண்ணாடியில் அவன் கண் தெரிந்தது. வண்டி குறுக்கே வளைந்து, சரிவைப் பார்த்துப் பின்வாங்க ஆரம்பித்தது. ஈர மண்ணில் பின் சக்கரம் வழுக்கியது.

"போதும்!" என்று அவள் கத்தினாள்.

வண்டி வந்துகொண்டே இருந்தது.

"போதும், போதும், நிறுத்துங்க!" என்று அலறினாள். விளிம்பில் நின்ற சரளைக்கல் உருண்டு கீழே போனது. சக்கரம் இன்னும் உருண்டது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. வாயை மூடிக்கொண்டாள். ரெண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கினாள்.

வண்டி நின்றது.